குடலைக் காக்கும் அடுப்படி: உணவில் நெடுநாள் சேரும் சிறு நஞ்சுகளைக் குறைக்கும் வழிகள்

உணவு நஞ்சாவதைப் பற்றிப் பேசினால் பேராக் மாநிலத்து மூத்தவர்கள் பலருக்கு 1988ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அவ்வாண்டு ‘லோ ஷீ ஃபன்’ என்னும் அரிசி நூடல்ஸைச் சாப்பிட்ட 13 குழந்தைகள் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்தனர். பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சினும் நூடல்ஸில் கலந்திருந்த போரிக் அமிலமும் அப்போது காரணங்களாகப் பேசப்பட்டன. அது ஒரே வேளையில் உடலுக்குள் சென்ற பெரிய அளவின் விளைவு. இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்வது அதே வகைப் பொருள்கள் மிகச் சிறிய அளவில், வாந்தியோ பேதியோ வராத அளவில், பல ஆண்டுகள் தினமும் உள்ளே போனால் குடலுக்கு என்ன நேரும், அதைக் குறைக்க ஒரு சாதாரணக் குடும்பம் தன் அடுப்படியில் என்ன செய்யலாம் என்பதை.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இங்குள்ள வீடுகளின் உணவு மூன்று நான்கு இடங்களிலிருந்து வருகிறது: மளிகைக் கடை, வாரச் சந்தை, ஒட்டுக்கடை, செம்பனைத் தோட்டத்திலும் வீட்டுக் கொல்லையிலும் பறிக்கும் கீரை. ஒவ்வோர் இடத்திற்கும் அதற்கே உரிய மாசு உண்டு. நமக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பக்கத்திலுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் 2010களின் தொடக்கத்தில் நடந்த நோய்ப்பரவல் ஆய்வில், பெருங்குடல் புண் அழற்சி, குரோன் நோய் ஆகிய குடல் அழற்சி நோய்கள் மலாய்க்காரர்களையும் சீனர்களையும் விட இந்தியர்களிடையே அதிக விகிதத்தில் காணப்பட்டன. மரபணு, உணவுப் பழக்கம், குடல் நுண்ணுயிர்கள் எனப் பல காரணங்கள் இதில் பின்னிக் கிடக்கின்றன. மாசுகளால்தான் இது வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆயினும் குடல் எளிதில் அழற்சி அடையக்கூடிய ஒரு சமூகம், குடலை உறுத்தும் பொருள்களைக் குறைத்துக்கொள்வது அறிவுடைய செயல்.

குடலுக்குள் என்ன நடக்கிறது

குடலின் உட்சுவர் ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆனது. அந்தச் செல்கள் ஏறத்தாழ 3 முதல் 5 நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. பக்கத்துப் பக்கத்துச் செல்களைக் குளோடின், ஒக்ளூடின் போன்ற புரதங்கள் இறுக்கிப் பிணைத்து, தேவையானதை மட்டும் உள்ளே விடுகின்றன. அதன்மேல் வழுவழுப்பான சளிப்படலம் போர்த்தியிருக்கிறது. பெருங்குடலில் இந்தப் படலத்தின் உட்பகுதியில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய இல்லாமலே இருக்கும். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வெளிப்பகுதியோடு நின்றுவிடும். சுவருக்கு அப்பால் நோய் எதிர்ப்புச் செல்கள் பெரும் எண்ணிக்கையில் காத்திருக்கின்றன.

நெடுநாள் சிறு மாசுகள் இந்த அமைப்பை மூன்று இடங்களில் தாக்குகின்றன. கோதுமையிலும் சோளத்திலும் வளரும் ஃபியூசேரியம் பூஞ்சையின் நஞ்சான டியாக்ஸிநிவலெனால், செல்களின் பிணைப்புப் புரதங்களைக் குறைப்பதாகப் பன்றிகளிலும், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதக் குடல் செல்களிலும் தெளிவாகக் கண்டறியப்பட்டுள்ளது. ஆர்செனிக், காட்மியம், காரீயம் ஆகிய உலோகங்கள் குடல் நுண்ணுயிர்களின் கூட்டமைப்பை மாற்றுவதாக விலங்காய்வுகள் காட்டுகின்றன. வேறு சில பொருள்கள் சளிப்படலத்தை மெலியச் செய்கின்றன. எந்த வழியில் நடந்தாலும், நுண்ணுயிர்களின் உடற்சிதைவுகள் சுவரைக் கடந்து உள்ளே கசிகின்றன. எதிர்ப்புச் செல்கள் அவற்றைப் பகையென்று கருதி எரிச்சலூட்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. ஒருநாள் நடந்தால் உடல் அதைச் சரிசெய்துவிடும். தினமும் நடந்தால் வெளியே தெரியாத அழற்சி நிலையாகத் தங்கிவிடுகிறது.

இந்த அறிவில் பெரும்பகுதி எலிகளிடமும் பன்றிகளிடமும் கிடைத்தது. பல ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவு நம் தட்டில் வருவதைவிட அதிகம். அதனால் பயம் தேவையில்லை, ஒழுங்கு தேவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிஸ்பெனால் ஏ என்னும் நெகிழிப் பொருளுக்கான தாங்கத்தக்க தினசரி அளவை 2023இல் முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. அழற்சியோடு தொடர்புடைய ஒருவகை நோய் எதிர்ப்புச் செல்கள் மிகச் சிறிய அளவிலேயே பெருகியதை விலங்காய்வில் கண்டதுதான் அதற்கு அடிப்படை. சிறிய அளவுதானே என்று முன்பு விட்டுவைத்தவற்றை அறிவியலாளர்கள் இன்று திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது

ஒரு வாரம் வீட்டில் சமைத்ததையும் வெளியில் வாங்கியதையும் ஒரு தாளில் எழுதுங்கள். செய்தியில் வந்து பயமுறுத்தும் பொருளை அதில் தேட வேண்டாம். எது தினமும் வருகிறது, எது வாரத்தில் நான்கைந்து நாள் வருகிறது என்று மட்டும் குறியிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் சோறு, மிளகாய்த்தூள், எண்ணெய், தேநீர், குழாய்த் தண்ணீர் ஆகியவை முதலில் நிற்கும். அடுத்து நூடல்ஸ், ரொட்டி, கடலை, கீரை, மீன். மாசின் பாதிப்பு அளவையும் காலத்தையும் பெருக்கி வருவது என்பதால், தினமும் வருவதில் பாதியைக் குறைத்தாலே ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் ஒன்றை முற்றாக விலக்குவதைவிடப் பலமடங்கு பயன் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயன்றால் எதுவும் நிலைக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும்.

மிளகாயும் கடலையும்

என் கணிப்பில் நம் வீடுகளில் முதலில் திருத்த வேண்டியது இதுதான். அஸ்பெர்ஜிலஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சை 30 டிகிரி வெப்பத்திலும் நிறைந்த ஈரப்பதத்திலும் செழித்து வளரும். நம் ஊரின் வானிலையே அதுதான். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் சிதைய 230 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். குழம்பு கொதிப்பதாலோ தாளிப்பதாலோ அது போகாது. கடலையை வறுக்கும்போது ஓரளவு குறையுமே தவிர முற்றாக அழியாது. அது முதன்மையாகக் கல்லீரலைத் தாக்குவது, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவை என்னும் முதல் பிரிவில் வைத்திருப்பது. குடல் சுவரின் பிணைப்பையும் அது தளர்த்துவதாகச் செல் ஆய்வுகள் காட்டுகின்றன.

காய்ந்த மிளகாயை முழுதாக வாங்குங்கள். தூளாக வாங்கினால் உள்ளே இருந்தது தெரியாது. வாங்கி வந்ததும் பத்துப் பதினைந்து காய்களை உடைத்து உட்புறத்தைப் பாருங்கள். சாம்பல் அல்லது வெண்ணிற நூல்போன்ற படலம், கறுத்த விதை, மக்கிய வாடை ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்தப் பொட்டலத்தைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். பூசணம் பிடித்த சிலவற்றை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றவற்றை அரைப்பது சரியல்ல, ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத பூசணமும் நஞ்சைச் சுரந்திருக்கும். மிளகாயை வாசலில் பாயில் காயப்போடும் பழக்கம் உள்ளவர்கள் பிற்பகல் மழையைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பாதி காய்ந்து, நனைந்து, மறுநாள் மீண்டும் காயும் மிளகாய்தான் பூஞ்சைக்கு மிகவும் ஏற்றது. ஒரே நாளில் மொறுமொறுப்பாகக் காயாவிட்டால் மிதமான சூட்டில் வாணலியில் போட்டு ஈரத்தைப் போக்கி, முழுவதும் ஆறிய பின் அரையுங்கள். சூட்டோடு புட்டியில் அடைத்தால் உள்ளே நீர் வியர்க்கும். மூன்று மாதத்துக்குத் தேவையானதை ஒரே முறையில் மில்லில் அரைத்து வைப்பதைவிட, மூன்று வாரத்துக்கு மட்டும் அரைத்து, ஒரு சிறு புட்டியை வெளியிலும் மீதியைக் குளிர்பெட்டியிலும் வையுங்கள். ஈரக் கரண்டியும் கொதிக்கும் குழம்பின் ஆவியும் புட்டிக்குள் போகக் கூடாது.

கடலைக்கும் இதே ஒழுங்குதான். சுருங்கியவை, நிறம் மாறியவை, உடைந்தவை, பூசணம் பட்டவை ஆகியவற்றைச் சமைக்கும் முன் பொறுக்கி எடுத்துவிடுவது அஃப்ளாடாக்சினின் அளவைக் கணிசமாகக் குறைக்கும் என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. நஞ்சு எல்லாக் கடலைகளிலும் சமமாகப் பரவாமல் சில பருப்புகளில் குவிந்திருப்பதே காரணம். பின்னர் பதப்படுத்தவிருக்கும் நிலக்கடலையில் இந்த நஞ்சுக்கு அனைத்துலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் விதித்த வரம்பு ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். வாயில் போட்ட கடலை கசந்தால் விழுங்காமல் துப்புங்கள். குழந்தைகளுக்கும் இதைப் பழக்குங்கள். ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே நம் சமூகத்தின் பெருமை. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. நாள்தோறும் சரக்கு மாறும் கடையில் வாங்கி, திறந்த பொட்டலத்தை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கல்லீரல் அழற்சி பி கிருமி உள்ளவருக்கு அஃப்ளாடாக்சினின் தீங்கு பன்மடங்காகும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்நோய்க்கான தடுப்பூசி போடும் திட்டம் 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மஞ்சள்தூளைப் பற்றியும் ஒரு சொல். நிறம் கூட்டுவதற்காகக் காரீயக் குரோமேட் கலந்த மஞ்சள் வங்காளதேசத்தில் பரவலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கொல்லையில் நான்கு மஞ்சள் கிழங்கு நட்டால் ஒரு குடும்பத்துக்குப் போதும். அதற்கு இடமில்லாதவர்கள் கிழங்காக வாங்கி அரைக்கலாம். கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக, அளவுக்கு மீறி மலிவாக இருக்கும் பொட்டலத்தைத் தவிர்க்கலாம்.

சோறு

நெற்பயிர் தண்ணீர் தேங்கிய வயலில் வளர்வதால் மண்ணிலுள்ள ஆர்செனிக்கை மற்றத் தானியங்களைவிட அதிகம் உறிஞ்சுகிறது. தீட்டிய அரிசியில் கனிம ஆர்செனிக்கிற்குக் கோடெக்ஸ் வரம்பு ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். மூன்று வேளையும் சோறும் இட்லியும் தோசையும் உண்ணும் வீட்டில் வரம்புக்கு உட்பட்ட அரிசியும் காலப்போக்கில் கணக்கில் சேரும்.

இதற்கு நம் பாட்டிமார்களின் கஞ்சி வடிக்கும் முறை நல்ல தீர்வு. அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்குக்குக் குறையாத தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டால் ஆர்செனிக்கின் கணிசமான பகுதி தண்ணீரோடு போய்விடும். மின்சாரப் பானையில் அளவாகத் தண்ணீர் ஊற்றி வற்றவிடும்போது அது முழுவதும் சோற்றிலேயே தங்குகிறது. மின்சாரப் பானையை விட முடியாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு: ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டபடி, கொதிக்கும் தண்ணீரில் அரிசியை 5 நிமிடம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி மெல்லிய தீயில் முடிப்பது. இதனால் வெள்ளை அரிசியில் 74 விழுக்காடும் தவிட்டரிசியில் பாதிக்கு மேலும் ஆர்செனிக் நீங்கியது. ஊட்டச்சத்துகள் பெரும்பாலும் தங்கின. இரண்டு முறைக்கும் தூய தண்ணீர் தேவை. வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தால் நீக்கியதைத் திரும்ப உட்கொள்வதாகிவிடும். அதைச் சேலைக்குக் கஞ்சி போட வைத்துக்கொள்ளலாம்.

வாரத்தில் மூன்று நான்கு வேளை சோற்றுக்குப் பதில் கேழ்வரகு, கோதுமை, மரவள்ளி, சேனை எனச் சுழற்றுவதும் பயன் தரும். ஒரே தானியத்தையே உண்டால் அதற்குரிய மாசு மட்டும் குவியும். சுழற்றும்போது எதுவும் பெரிதாகச் சேராது.

நூடல்ஸும் மாவும்

மஞ்சள் மீயில் போரிக் அமிலம் சேர்ப்பது மலேசிய உணவு ஒழுங்குமுறை விதிகளின்படி அனுமதிக்கப்படாதது. இருந்தாலும் நூடல்ஸைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, அந்த நீரை முழுவதும் கொட்டிவிட்டுச் சமைக்கும் வழக்கத்தை விடாதீர்கள். தண்ணீரில் கரையும் போரிக் அமிலமும் கோதுமையின் டியாக்ஸிநிவலெனாலும் அதனால் குறையும். அளவுக்கு மீறிய வழுவழுப்பு, இரண்டு நாள் வெளியில் வைத்தும் கெடாமை ஆகியவை சந்தேகத்துக்குரியவை.

மாசு என்ற வகையில் சேராவிட்டாலும், நீரும் கொழுப்பும் பிரியாதிருக்கச் சேர்க்கும் குழைமப் பொருள்கள் சிலவற்றை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் (எண் 466), பாலிசார்பேட் 80 (எண் 433) ஆகியவை ஐஸ்கிரீம், குழம்பு விழுது, கேக் ஆகியவற்றின் உறையில் எண்களாக அச்சிடப்பட்டிருக்கும். இவை எலிகளின் சளிப்படலத்தை மெலியச் செய்து இலேசான அழற்சியை உண்டாக்கியதாக 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. பின்னர் நலமுள்ள மனிதர்களுக்கு 11 நாள், தினம் 15 கிராம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் கொடுத்தபோது நுண்ணுயிர்களின் வகைமை குறைந்தது. அவர்களில் இருவருக்கு நுண்ணுயிர்கள் சளிப்படலத்துக்குள் நெருங்கி வந்தன. அந்த அளவு நாம் உண்பதைவிட அதிகம். ஆனாலும் குடல் தொல்லை உள்ளவர்கள் இந்த எண்களைப் பார்த்து வாங்கலாம்.

கீரையும் மருந்தடிப்பும்

தோட்டத்தில் பறிக்கும் பாக்குக் கீரை (பெரணிக் கொழுந்து), கங்கோங், மணத்தக்காளி ஆகியவை விலையில்லாமல் கிடைப்பவை, சத்துள்ளவை. எங்கே பறிக்கிறோம் என்பதுதான் கேள்வி. செம்பனை மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்திலும் குலை தூக்கும் பாதையிலும் களைக்கொல்லி முறைப்படி அடிக்கப்படுகிறது. பாரகுவாட் 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. கிளைஃபோசேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது தாவரங்களில் அமினோ அமிலங்கள் உருவாகும் ஒரு வழியை அடைத்து அவற்றைக் கொல்கிறது. மனித உடலில் அந்த வழி இல்லை. நம் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் பலவற்றில் உண்டு. உணவுவழி வரும் சிறு அளவு அவற்றை எவ்வளவு பாதிக்கும் என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. மருந்தடித்த கீரையைப் பறிப்பதோ சிறு அளவைத் தாண்டிவிடும்.

ஆகவே மரவட்டம், பாதையோரம், வடிகால் ஓரம் ஆகிய இடங்களை விட்டுவிடுங்கள். எந்தப் பகுதியில் எப்போது மருந்தடிக்கப் போகிறார்கள் என்று மண்டோரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இலை ஓரம் மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால் தொடாதீர்கள். வீட்டுக் கொல்லையில் பூச்சிமருந்து தெளிப்பவர்கள், கடைசியாகத் தெளித்ததற்கும் பறிப்பதற்கும் இடையில் இத்தனை நாள் விட வேண்டும் என்று உறையில் அச்சிட்டிருப்பதை எழுத்துப்படி கடைப்பிடிக்க வேண்டும்.

சந்தையில் வாங்கும் கேமரன் மலைக் காய்கறிகளை ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். கெட்டித் தோலுள்ள காய், பழங்களுக்குச் சமையல் சோடா உதவும். 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் வீதம் கரைத்த நீரில் ஆப்பிளை 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது மேற்பரப்பில் இருந்த இரு பூச்சிக்கொல்லிகள் நீங்கியதாக 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. தோலுக்குள் ஊறிவிட்டது போகவில்லை. முட்டைக்கோஸின் வெளி இலைகள் மூன்றை எடுத்துவிடுவது எளிது.

மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். வேலை உடையோடு அடுப்படிக்குள் வராமல் வெளியிலேயே கழற்றி, குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலை மெல்லுவதும் சிகரெட் பிடிப்பதும் மருந்தை நேராக வாய்க்குள் கொண்டுபோகும். களைக்கொல்லி வந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் அதில் தண்ணீரோ அரிசியோ மாவோ வைக்கக் கூடாது. நெகிழிச் சுவர் மருந்தை உறிஞ்சி வைத்திருந்து, பல மாதம் மெல்ல மெல்ல வெளிவிடும். மூன்று முறை அலசி, துளையிட்டு, தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைப்பதே முறை.

எண்ணெயும் சூடான நெகிழியும்

பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது அது ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைந்து, ஆல்டிஹைடு முதலிய உறுத்தும் பொருள்களாக மாறுகிறது. நெடுநேரம் காய்ச்சிய பொரிப்பு எண்ணெய் எலிகளின் பெருங்குடல் அழற்சியைத் தீவிரப்படுத்தியதாக 2019இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ஒரு கிலோ மானிய எண்ணெய்ப் பொட்டலம் 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்கும் நாட்டில், வீட்டில் எண்ணெயை ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை பொரிக்கப் பயன்படுத்தி நிறுத்திவிட முடியும். நுரை அடங்காத, கறுத்த, குறைந்த சூட்டிலேயே புகையும் எண்ணெயில் பொரித்த வாழைப்பழத்தையும் கோழியையும் கடையில் வாங்காதீர்கள். அந்த எண்ணெய் வெளியில் நின்று பார்த்தாலே தெரியும்.

கொதிக்கும் தேநீரை நெகிழிப் பையில் ஊற்றி, ஓரத்தில் முடிச்சுப் போட்டு, உறிஞ்சுகுழல் செருகிக் கொடுப்பது நம் நாட்டின் அன்றாடக் காட்சி. சூடும் கொழுப்பும் புளிப்பும் நெகிழியிலிருந்து நுண்துகள்களையும் மென்மைப்படுத்தும் வேதிப்பொருள்களையும் இழுத்தெடுக்கின்றன. மீன் குழம்பில் இவை மூன்றும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே ஒட்டுக்கடைக்குப் போகும்போது எவர்சில்வர் தூக்கோ அடுக்குச் சட்டியோ எடுத்துப்போங்கள். கடைக்காரர் மறுக்க மாட்டார்; அவருக்கும் பை மிச்சம். சூட்டோடு பையில் வந்துவிட்டால் வீடு சேர்ந்ததும் உடனே கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். நுண்ணலை அடுப்பில் நெகிழி டப்பாவை வைக்க வேண்டாம்.

பாத்திரம், தண்ணீர், மீன்

ரசம் வைக்கும் சொம்பு தூய வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் புளியும் சூடும் அதைக் கரைத்துவிடும். எங்கே செய்தது என்று தெரியாத சொம்பில் ரசம் வைக்காதீர்கள். பூச்சு தேய்ந்த பித்தளைப் பாத்திரத்திலும் புளிப்புள்ளதைச் சமைக்கக் கூடாது.

தண்ணீரைக் கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும். உலோகத்தையும் களைக்கொல்லியையும் நீக்காது. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றே கூடவும் செய்யும். கிணற்று நீரும் ஓடை நீரும் பயன்படுத்துவோர் அதைப் பரிசோதிக்க மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அணுகலாம். குழாய்த் தண்ணீரில் காலையில் முதலில் வருவதைச் செடிக்கு விட்டுவிட்டு அடுத்து வருவதைச் சமையலுக்குப் பிடியுங்கள். வடிகட்டி வைத்திருப்பவர்கள் குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் வடிகட்டியே கிருமிக்கூடாகும்.

கிந்தா பகுதியில் வெள்ளீயம் எடுத்து விட்ட குட்டைகள் பல உள்ளன. வெள்ளீயத் தாதுவோடு ஆர்செனிக் கலந்த கனிமங்களும் கிடக்கும் என்பதால், பழைய குட்டையில் தூண்டில் போட்டுப் பிடிக்கும் மீனை வழக்கமான உணவாக்குவதை நான் ஆதரிக்கவில்லை. கடல் மீன்களில் சுறா போன்ற பெரிய, நெடுநாள் வாழும் வேட்டை மீன்களில் பாதரசம் கூடுதலாகக் குவியும். கெம்போங், மத்தி, நெத்திலி போன்ற சிறியவை பாதுகாப்பானவை. சேற்றில் வாழும் கெராங் சிப்பி தன்னைச் சுற்றியுள்ள நீரை வடிகட்டி உண்பதால் காட்மியத்தைச் சேர்த்து வைக்கும். அதை எப்போதாவது, நன்றாக வேகவைத்து உண்ணலாம்.

சுவரை வலுப்படுத்துதல்

மாசுகளைக் குறைப்பது பாதி வேலை. நார்ச்சத்தை நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலம் பெருங்குடல் செல்களின் முக்கிய உணவு. நார்ச்சத்து கிடைக்காத எலிகளில் நுண்ணுயிர்கள் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கியதாக மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினர். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, வாழைப்பூ, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு தினமும் தட்டில் இருக்கட்டும். இதுவரை பயறு அதிகம் உண்ணாதவர்கள் மெல்லக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

இரும்புச்சத்துக் குறைந்த உடல் காரீயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. நம் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலாக இருப்பதால், அதற்குச் சிகிச்சை எடுப்பதும் மாசுத் தடுப்பின் ஒரு பகுதியே.

குடலைச் சுத்தப்படுத்துவதாக விற்கப்படும் பேதிப் பொடிகளும் ‘நஞ்சு நீக்கி’ பானங்களும் இந்த வேலைக்கு உதவா. பதிவு பெறாத பற்பம், செந்தூரம் சிலவற்றில் பாதரசமும் காரீயமும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. மலேசியாவில் பதிவான மருந்தின் உறையில் ‘மால்’ என்று தொடங்கும் எண்ணும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்கும். இல்லாததை வாங்க வேண்டாம். உடல் வலிக்காகத் தினமும் விழுங்கும் டைக்லோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகளும், மதுவும் குடல் சுவரைத் துளைப்பதில் உணவு மாசுகளைவிட வல்லமை மிக்கவை. குலை வெட்டும் தொழிலாளர் பலர் வலி மாத்திரை இல்லாமல் வேலைக்குப் போக முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். அவர்கள் மாற்று மருந்து பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது

மேலே சொன்ன மாற்றங்கள் நலமாக இருப்பவர்களுக்கும் இலேசான உப்புசம் உள்ளவர்களுக்கும் உரியவை. மலத்தில் இரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமின்றி எடை குறைதல், காய்ச்சலோடு வயிற்றுவலி, நான்கு வாரத்தைத் தாண்டிய பேதி, 50 வயதுக்குமேல் மலம் கழிக்கும் வழக்கத்தில் புதிய மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், சமையலை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே பார்வைக் கட்டணம் 1 வெள்ளிதான். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குடல் அழற்சி நோயோ பெருங்குடல் புற்றுநோயோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். எழுதி வைத்த ஒரு வார உணவுத் தாளையும், விழுங்கும் எல்லா மாத்திரை, லேகிய உறைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்தடிக்கும் வேலை செய்பவரானால் என்ன மருந்து, வாரத்தில் எத்தனை நாள் என்பதையும் கூறுங்கள், கேட்காவிட்டாலும் கூறுங்கள்.

மலத்தில் கால்புரொடெக்டின் என்னும் புரதத்தை அளக்கும் பரிசோதனை குடலில் அழற்சி உண்டா என்று காட்டும். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அழற்சி இல்லை என்று கொள்ளலாம். சிறு கிளினிக்கில் இதைச் செய்ய முடியாவிட்டால் மருத்துவமனைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பரிசோதனைக்கு முன் வலி மாத்திரை எடுத்திருந்தால் அளவு பொய்யாகக் கூடும் என்பதால் அதையும் தெரிவிக்க வேண்டும். வாங்கிய உணவில் கலப்படமோ பூசணமோ இருப்பதாக உறுதியாகத் தோன்றினால், மீதியை உறையோடும் ரசீதோடும் குளிர்பெட்டியில் வைத்து, 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்கீழ் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்யலாம். பொருளைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனால் அதிகாரிகளால் மாதிரி எடுத்துச் சோதிக்க இயலாது.